முதுகு பார்த்த ஊர்கள்

ஈபிள் கோபுரத்தை என் முதுகு பார்த்திருக்கிறது. நான் பார்த்ததில்லை.

இதைச் சொன்னால் என் மகள் காவேரி சிரிக்கிறாள். சிரிக்க என்ன இருக்கிறது? கோபுரத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்து, "இங்க பாரு, இங்க பாரு" என்று என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். நான் அவரைப் பார்த்தேன். நாற்பத்தொரு வருஷமாகப் பார்த்துச் சலித்த அதே முகம். படம் எடுத்த கையோடு, "ஆச்சு, வா வா" என்று பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். சிங்கப்பூரில் சிங்கத் தலை, துபாயில் அந்த உயரக் கட்டடம், எல்லாவற்றையும் பார்த்த பாக்கியம் என் முதுகுக்குத்தான்.

அவர் இப்படி ஆனதற்கு எங்கள் வியாபாரம்தான் காரணம். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எங்களுக்குப் பட்டுச் சேலைக் கடை. கல்யாணச் சேலை எடுக்க வெளியூரிலிருந்து வேன் வேனாக வருவார்கள். வந்த இடத்தில் கோயிலும் பார்க்க வேண்டும் என்பார்கள். பகல் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பு. அதனால் இவர் காலை ஒன்பதரைக்கே அவர்கள் வேனில் ஏறிக்கொள்வார். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி, உலகளந்த பெருமாள், வரதர் என்று ஐந்து கோயிலுக்கும் விரட்டியடித்து, நடை சாத்துகிற நேரத்துக்குச் சரியாகக் கடைப் பாயில் கொண்டுவந்து உட்கார வைப்பார். முப்பது வருஷம் இதே வேலை. கலியாணசுந்தரத்தோடு போனால் சாமிக்கே மூச்சு வாங்கும் என்று ஊரில் பேச்சு.

மருமகனிடம் கடையை விட்ட பிறகும் அந்தக் கால்கள் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு டூர் என்று கிளம்பிவிட்டார். ஏழு நாளில் மூன்று நாடு, அடுத்தது நாலு நாளில் ஒரே நாடு. அது அவருக்கு நஷ்டக் கணக்கு. மூன்றாவதாக, ஒன்பது நாளில் ஆறு நாடு என்று ஒரு விளம்பரம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார்.

நான் அப்போதே சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணுதாங்க. ஏதாவது ஒரு எடத்துல நான் உக்காந்து, என் ரெண்டு கண்ணால, போதும்னு தோணுற வரைக்கும் பாக்கணும். இல்லாட்டி இதான் கடைசி. அடுத்த டூருக்கு நீங்க தனியா போய்க்கோங்க."

"உக்காரலாம்மா, அதுக்கு இன்னா? பஸ்ல பூரா உக்காந்துக்கினுதானே போறோம்?"

இந்த மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

பாரிசில் ஒரு பெரிய மாதா கோயில். உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

"வாங்கப்பா, வாங்கம்மா! நடை சாத்திடப் போறாங்க!"

எங்கள் பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். எல்லாரும் காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஆரணிப் பக்கத்து ஜனங்கள். நடை சாத்துகிறார்கள் என்று காதில் விழுந்தால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆட்களா? விழுந்தடித்து ஓடினார்கள். வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் சம்சாரம் இந்திராணிக்கு ஓடுகிற ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்தது. எங்களைக் கூட்டிப்போன டூர் மேனேஜர் பரசுராமன் பின்னாலேயே வந்து, "சார், இது சாயங்காலம் வரைக்கும் தொறந்திருக்கும் சார்!" என்று கத்தினார். யார் கேட்டார்கள்? பன்னிரண்டு அடிக்கும்போது அத்தனை பேரும் பஸ்ஸில் இருந்தோம்.

பரசுராமன் இதைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, மிச்சமான நேரத்தில் இன்னும் இரண்டு இடத்தைச் சேர்த்துக் காட்டி எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில், எல்லாரும் பின்தொடர்வதற்காகத் தூக்கிப் பிடிக்கிற மஞ்சள் கொடியை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இவரைக் கையில் பிடிக்க முடியுமா? கொடி முன்னால் ஓட, முப்பத்தாறு பேர் பின்னால் ஓட, கடைசியில் நான். என் முதுகுக்குக்கூட ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஆறாம் நாள் சுவிட்சர்லாந்து. வாயில் நுழையாத பெயருடைய ஒரு ஏரி. இருபது நிமிஷம்தான், அப்புறம் சாக்லேட் செய்கிற இடம் என்று பரசுராமன் சொல்லியிருந்தார். இவருக்கு அதுவே அதிகம்.

"ஏரிதானே? நம்மூரு பக்கத்துல, தாமல்ல இல்லாத ஏரியா? நில்லு, ஒரு போட்டோ. கெளம்பலாம்."

கரையில் ஒரு பெஞ்சு இருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன். ஏரியைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"நீலா, இன்னா பண்ற? எழுந்திரு. பஸ் போயிடும்."

"போவட்டும். நான் வரல. நீங்க போங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். என் பாஸ்போர்ட் அவர் இடுப்புப் பையில் இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. ஆறு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியக்கூடாது என்று நேராகத் தண்ணீரையே பார்த்தேன்.

அப்போதுதான் அந்த நிறத்தைக் கவனித்தேன். மேகம் ஒதுங்கினால் ஒரு நிறம், மூடினால் ஒரு நிறம். நான் தறி வீட்டில் பிறந்தவள். நீளத்துக்கு ஓடுகிற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் வேறு நிறம் என்று நெய்தால், அசைக்க அசைக்க இரண்டும் மாறி மாறி அடிக்கும். மயில் கழுத்துச் சேலை அப்படித்தான். அழுகையோடு அழுகையாக வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"பாவு பச்ச, ஊடை நீலம்."

கொடியோடு நாலடி போனவர் நின்றார்.

"இன்னா சொன்ன?"

"ஏரியச் சொன்னேன். பாவு பச்ச, ஊடை நீலம்."

திரும்பி வந்தார். இந்தப் பயணத்திலேயே முதல் தடவையாகப் போனை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்தார்.

"பச்சையா? கண்ணு தெரியுதா ஒனக்கு? பாவு கருநீலம்மா. ஊடைதான் பச்ச."

"முப்பது வருஷம் கடை வெச்சிருந்தீங்க, நிறம் தெரியல."

விட்டாரா? கடையில் நிறத்தில் சந்தேகம் வந்தால் சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்ப்போம். ஏரியை எடுத்துப் போக வழியில்லை. "இரு, வெயில் வரட்டும், காட்டுறேன்" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். எழுந்து தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்க் குனிந்து பார்த்தார். வந்து உட்கார்ந்தார். அதற்குள் மேகம் மூடியது. "இது போவட்டும், அப்ப தெரியும் பாரு" என்றார்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கொடி இவர் கையில் அல்லவா இருந்தது? கொடி நின்ற இடத்தில் முப்பத்தாறு பேரும் வந்து நின்றிருந்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று இந்திராணி கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான். பஸ்ஸில் பாதிப் பேர் தறிக்காரர்கள், மீதிப் பேர் சேலை கட்டுகிறவர்கள். பச்சைப் பாவுக் கட்சி, நீலப் பாவுக் கட்சி என்று பிரிந்து, புல்லில் உட்கார்ந்து வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"சார், சாக்லேட் ஃபேக்டரி சாத்திடுவாங்க சார்" என்றார் பரசுராமன்.

"சாத்தட்டும்பா. மேகம் போவட்டும், இரு."

"அந்தக் கொடியையாவது குடுங்க சார்!"

ஒரு மணி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை, அன்றைக்கும் இவர் அவசரப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்.

ஊருக்கு வந்ததும் காவேரிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் "இது ஒரு டவர்", "இது ஒரு பாலம்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏரிக்கு மட்டும் படமே இல்லை. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

அதோடு விட்டாரா? கருநீலப் பாவில் பச்சை ஊடை கொடுத்து ஒரு முழத் துண்டு நெய்ய வைத்தார். போன வெள்ளிக்கிழமை அதைக் கடை வாசலில் வெயிலில் விரித்து, "இப்ப சொல்லு" என்றார்.

பார்த்தேன். அதே ஏரி. மேகம் ஒதுங்கின நேரத்தில் இருந்த அதே நிறம், ஒரு இழைகூட மாறவில்லை. அவர் சொன்னதுதான் சரி. உண்மையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷமே எனக்கு அது தெரிந்துவிட்டது. அங்கேயே ஒப்புக்கொண்டிருந்தால் "ஆச்சு, வா வா" என்று கொடியைத் தூக்கியிருப்பார்.

"இல்லீங்க, இது அது இல்ல" என்றேன்.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அப்ப மறுபடி போய்ப் பாத்தாதான் தெரியும்."

"எத்தன நாடு?"

"ஒண்ணுதான். அந்த பெஞ்சுக்கு மட்டும்."

நான் யோசிக்கிற மாதிரி துண்டை இன்னொரு தடவை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.