இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போன கார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சீஸ் ரோலோடு சேர்ந்து கிடைத்தது. உலகின் தென்கோடித் தீவு ஒன்றில், எங்கள் வைமட்டே ஊர்ப் பழங்கார் சங்கத்தில் தேநீர் நேரம். தட்டை நீட்டிக்கொண்டே நோலீன் சொன்னார்: "எங்காளு ஸ்டியரிங்கைச் சரி பண்ணினான். இப்போ இந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கம் போகுது." சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எழுதுகிறவனுக்குச் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதே.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

பனி விலகாத அந்தக் காலையில் ஆல்வின் தன் காரை ஏக்கத்தோடு நோக்கினார், அவர் விழிகளில்—

வேண்டாம். அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. தவிர, ஆல்வின் எதையும் ஏக்கத்தோடு நோக்குகிற ஆள் இல்லை. முறைத்துப் பார்த்துத் திட்டுகிற ஆள்.

2

முறைப்பதும் இப்போது சிரமம்தான். நோலீனின் கணவர் ஆல்வினுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஓரம் மட்டும் தெரிகிறது. உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றைப் பார்ப்பார். ஓட்டுநர் உரிமம் போய்விட்டது. அந்த ஓரமும் எத்தனை மாதம் நிற்கும் என்று டாக்டர் சொல்லவில்லை.

கோழிக்கொட்டகையிலிருந்து துண்டுதுண்டாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த கார் அது. சாலையில் அது ஒருமுறை போவதைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஊர்வலம் இருந்தது, ஓட்டப்போவது நோலீன்.*

* மனைவி கணவனை 'நீங்க' என்று அழைப்பதாகவும் எழுதிப் பார்த்தேன். நோலீன் படித்தால் உருண்டு சிரிப்பார். அழித்துவிட்டேன்.

3

பழைய ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம். வீலைக் கால் சுற்று சுற்றினாலும் சக்கரத்துக்குச் சேதி போகாது. ஸ்டியரிங் பெட்டிக்குள் இருக்கும் திருகுத் தண்டு தேய்ந்துவிட்டது. ஆல்வின் அமெரிக்காவிலிருந்து புதிது வரவழைத்தார். அங்கே ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவார், நமக்கு வலப்பக்கம். அதனால் தண்டின் மரை எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். எங்கள் தீவில் பழங்கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், எல்லோரும் ஒருமுறையாவது மறப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்தபோது தண்டு பளபளவென்று இருந்தது. ஆல்வினுக்கு அந்தப் பளபளப்பு போதுமானதாக இருந்தது.

ஆட்டு மேய்ச்சல் வெளியில் சோதனை ஓட்டம். நேரெதிரே துணிக்கொடி.

"இடது பக்கம் ஒடி நோலீன்! இடது!"

"ஒடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"அப்புறம் ஏன் வலது பக்கம் வருது?"

"நீதானே மாட்டினே? நீ சொல்லு!"

போர்வை இரண்டு, ஆல்வினின் நீளக் காலுறை ஒன்று, எல்லாம் காரோடு போயின. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். நோலீன் நிறுத்தவில்லை. வெளி முழுக்க எட்டுப் போட்டார், பிசகில்லாமல், இரண்டு தடவை.

"எப்படி ஓட்டினே?"

"ஆட்டு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கறதா நெனச்சுக்கிட்டேன். வாழ்நாள் பூரா அதைத்தானே தலைகீழாத் திருப்பிக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்கும் இப்படியே போயிடறேன் விடு."

"சோதிக்கிறவன் லிண்ட்சே. ரோட்டுல ஓடலாம்னு ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி அவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்பான். நேரா அவன் பட்டறைக் கண்ணாடிக் கதவுலதான் போய் நிப்பான்."

4

இந்த இடத்தில் ஆல்வின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நகைச்சுவையாகப் பேசுகிறவரா அவர்? உண்மையில் அன்று மாலை வரை அவர் வாய் திறக்கவில்லை என்று நோலீன் பிறகு சொன்னார். சரியான தண்டு வர குளிர்காலம் முடிந்துவிடும். அதற்குள் கண் என்ன ஆகுமோ. அவருக்குப் பயமாக இருந்தது. இதை வேறு எப்படியும் சுற்றிவளைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மிச்சமிருந்த வழி, பழைய தண்டையே திரும்ப மாட்டுவது. அதில் ஒரு தொல்லை உண்டு. கார் பெரும்பாலும் நேராகப் போவதால் தண்டு நடுவில்தான் தேயும். நடுவில் ஆட்டம் இல்லாதபடி பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கினால், முழுதாக ஒடிக்கும் வளைவில் வீல் சிக்கிக்கொள்ளும். தளர்த்தினால் நேர்ச்சாலையில் அலையும். (இங்கே தாம்பத்தியத்தைப் பற்றி ஓர் உவமை வரும் என்று காத்திருக்கிறீர்கள். எனக்கும் கை பரபரக்கிறது. எழுதமாட்டேன்.)

பழைய தண்டை மாட்டிவிட்டு ஆல்வின் அந்தத் திருகைத் தடவிக் கண்டுபிடித்து ஸ்க்ரூடிரைவரை வைத்தார். நோலீன் வீலில்.

"ஆட்டம் எவ்வளவு?"

"ரெண்டு விரல். போதும்."

"ரெண்டு விரலா? சங்கத்துல மானம் போயிடும். இன்னும் கொஞ்சம் இறுக்கறேன்."

"இப்பவே வளைவுல பிடிக்குது. பாலத்துத் திருப்பத்துல சிக்கிச்சுன்னா ஆத்துக்குள்ள போறது நான்."

"ஓட்டறது நானா இருந்தா—"

(இது நான் பாதியில் விட்ட வாக்கியம் இல்லை. ஆல்வின் விட்டது.)

பிறகு ஆல்வின் திருகைத் தளர்த்தினார்.

"ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துச் சொல்லு. நீ சொல்ற இடத்துல நிறுத்தறேன்."

நோலீன் சொன்னார். இரண்டு விரலை விடக் கொஞ்சம் அதிகம். ஆல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு, திருகு அந்த இடத்திலேயே நிற்க நட்டை இறுக்கினார்.

5

முதலில் எழுதிய முடிவில் லிண்ட்சே ஸ்டிக்கர் தர மறுத்தார். கிழித்துப் போட்டேன். கதை நன்றாக இருக்க வேண்டுமென்பதற்காக அந்த மனிதரைக் கெட்டவராக்குவானேன்? ஓட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் நல்லா ஒடியுது, ஆட்டமும் அளவுக்குள்ளதான்" என்று ஒட்டிவிட்டார்.

ஞாயிறு காலை. வாசல் கேட்டில் கார் உறுமுகிறது. சிக்கல் இப்போதுதான் வந்தது, அதுவும் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது. காருக்குள் உட்கார்ந்தால் கார் போவதை ஆல்வின் எப்படிப் பார்ப்பார்?

மேய்ச்சல் வெளியில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் போதாதா என்பீர்கள். நோலீனும் அதைத்தான் கேட்டார்.

"அது சுத்தறது. போறதில்ல" என்றார் ஆல்வின். "என்னை விட்டுத் தூரமாப் போகணும். அதான் போறது."

"அப்படின்னா பக்கத்துல யாரு வருவா? தனியா ஓட்டறதுக்கா ரெண்டு சீட்டுக்கும் தோல் தைச்சேன்?"

அவர் ஏறினார் என்று எழுதினேன். ஆசைப்பட்டதைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று மனசு கேட்கவில்லை, அழித்தேன். நின்றார் என்று எழுதினேன். சாலையோரம் ஒற்றையாக அவரை நிறுத்திவைக்க அதைவிட வலித்தது, அதையும் அழித்தேன்.

ஆல்வின் கதவில் கை வைத்து நிற்கிறார்.

"ஏறுறியா, பாக்குறியா? இஞ்சின் சூடாகுது ஆல்வின்!"

அவர் என் பக்கம் திரும்புகிறார். எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், ஆனால் சீக்கிரம். நோலீன் கியர் போட்டாயிற்று.