ஸுஹைபின் மாடி

அம்மான் நகரத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் போய் வெயிலைப் பற்றிப் பேசுவதுதான் என் உத்தியோகம். ஜன்னலைத் தெற்கே வையுங்கள், சுவருக்கு நடுவில் வெப்பத்தடுப்பு கொடுங்கள், கூரையில் சோலார் பலகை போடுங்கள் என்பேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். ஏலக்காய் போட்ட காபி வரும். பிறகு அந்தக் காசுக்கு வாசல் பக்கம் இன்னும் கொஞ்சம் வெள்ளைக் கல் பதிப்பார்கள். கல்லை நாலு பேர் பார்ப்பார்கள், சுவருக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அபு ஸுஹைப் அப்படிப்பட்டவர் இல்லை என்று நினைத்தேன். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. ஜன்னல் விஷயத்தில் சொன்னபடி கேட்டார், சுவருக்கும் தலையாட்டினார். கீழ்த்தளம் அவருக்கு, மேல்தளம் மகள் அரீஜுக்கு. அரீஜ் விவாகரத்தாகி வந்தவள், பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். மூத்தவள் அவள்தான். ஆனாலும் ஊர் வழக்கப்படி மகன் பெயரால் அவர் ஸுஹைபின் அப்பா, அபு ஸுஹைப். பேச்சு கூரைக்கு வந்தபோதுதான் மனிதர் முரண்டு பிடித்தார்.

"கூரையைத் தொடாதீங்க இன்ஜினியரம்மா. அது ஸுஹைபோடது."

ஸுஹைப் கனடாவில் இருந்தான். மகனுக்கென்று ஒரு மாடியை விட்டுவைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். தூண்களைக் கூரைக்கு மேலே நீட்டி, கம்பிகளை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பையனுக்குக் கல்யாணம் கூடினால் அதன்மேல் அவன் வீடு எழும்பும். பாதி நகரம் இப்படித்தான் தலை வாராமல் நிற்கிறது.

"பலகையைக் கால் வச்சுப் பொருத்தலாம். அவர் வந்தா கழட்டிக்கலாம்" என்றேன்.

"வந்தா இல்ல. வரும்போது."

"சரி, வரும்போது. கூரைக்கு வெப்பத்தடுப்பாவது போடுங்க. மேல இருக்கிற பொண்ணு குளிர்ல விறைச்சுப் போயிடுவா."

"அவன் மாடி எழும்பிட்டா அதுவே இவளுக்குப் போர்வை. நடுவுல இன்னொரு போர்வை எதுக்கு? போட்டு உடைக்கிறதுக்கா?"

கணக்கு என்னவோ சரிதான். மாடி ஒன்று மேலே இருந்தால் கீழே குளிராது. மாடி இல்லை என்பதுதான் குறை.

குளிர்காலம் வந்தது. அரீஜின் வீட்டுக் கூரை உள்பக்கம் வியர்த்தது, மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. கேஸ் ஹீட்டரை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினாள். கோடையில் அதே கூரை அடுப்பாகக் காய, தலையணையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் கூடத்துக்கு இறங்கி வந்தாள். மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். ஒருமுறை நானும் கூட இருந்தேன்.

"அப்பா, இந்த வருஷமாவது கூரையை மூடலாமே."

"அடுத்த வருஷம் உன் தம்பி வர்றான்மா."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்ப அவனுக்கு லீவு கிடைக்கல."

அரீஜ் என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா இன்ஜினியரம்மா? எனக்குப் போர்வை கனடாவுலேர்ந்து வருது. வழியில கொஞ்சம் லேட்டாகுது."

கிழவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீடு அவருடையது, எனக்குச் சொல்லத்தான் முடியும்.

அப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு ரமலான் கழிந்து அபு ஸுஹைப் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. ஸுஹைப் அங்கேயே வீடு வாங்கிவிட்டான், வீடியோவில் சுற்றிக் காட்டினான். "கூரை முழுக்க சோலார் போட்டிருக்கானாம். கரண்ட் பில்லே வராதுங்கிறான்" என்றார். "நீங்க வாங்க. நம்ம கூரைக்கும் என்ன வேணுமோ போடுங்க."

நான் சந்தோஷமாகத்தான் போனேன், பொய் சொல்வானேன். ஆட்கள் தூண் கம்பிகளை அறுத்தபோது அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சத்தம் கேட்டு, பள்ளியிலிருந்து வந்த அரீஜ் பையோடு மேலே ஏறி வந்தாள்.

"என்னப்பா நடக்குது?"

"எல்லாம் உனக்குத்தான்மா. இனிமே உனக்குக் குளிரே கிடையாது."

"ஏன், ஸுஹைப் வரலையா?"

"அவன் அங்கயே வீடு வாங்கிட்டான்."

"அதானே பார்த்தேன்." பையைக் கீழே வைத்தாள். "நான் கேட்டப்பல்லாம் இது அவனோடது. இப்ப அவன் வேண்டாம்னுட்டான், அதனால என்னோடது. இது எனக்குன்னு கொடுத்தது இல்லப்பா. அவனுக்குப் போக மிஞ்சினது."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"வேற எப்படின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவள் காத்துக்கொண்டு நின்றாள், நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். நான் அளவு நாடாவைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அந்தக் கோடையில் அரீஜ் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மக்லூபா சோறு சமைத்து எடுத்துவந்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

நான் செய்த கூரைகளில் அதுதான் மிக நன்றாக அமைந்தது. அதைச் சொல்லும்போதே மனசு கஷ்டப்படுகிறது. புதிதாகக் கட்டுகிறவர்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் உத்தரவு. போன குளிரில் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிப் போனேன். வெளியே ஆலங்கட்டி மழை. அபு ஸுஹைப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறிப் போய் மேல்தளத்தைத் திறந்தார்.

"சுவரைத் தொட்டுப் பாருங்க" என்றார். "ஹீட்டரே போடல."

அந்தப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டுக் கணவனிடம் கண்ணால் ஏதோ சொன்னாள். "நல்ல வீடு மாமா. இங்க யார் இருக்காங்க?"

"என் மக. ஸ்கூலுக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை.