கல்லறைத் தோட்டத்தில் நாற்பது சுற்று

புலி இறங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் நெல்லிக்கொல்லியில் முதலில் நின்றுபோனது பெண்களின் காலை நடைதான். கள்ளுக்கடை நின்றதா என்றால் இல்லை. பெண்கள் ஐந்து பேர் கைவீசி நடக்கும் ரோட்டோரத்தில் ஒரு கறவை மாட்டின் பாதி உடல் கிடந்தது. நன்றாக வெளிச்சம் வரும்வரை யாரும் வெளியே வரவேண்டாம் என்று வனத்துறை ஜீப் மைக்கில் கத்திக்கொண்டு போனது. நான்கு பேர் அன்றே போர்வைக்குள் சுருண்டுகொண்டார்கள். புலியைச் சாக்கிட்டுத் தூங்குகிறவர்கள் என்று ஐந்தாவது ஆளான சோசம்மாவுக்கு அவர்கள் மேல் எரிச்சல்.

சோசம்மாவால் தூங்க முடியாது. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு உலை வைக்கப் போயாக வேண்டும். திரும்பி வந்து வீட்டு வேலையும் முடியும்போது இருட்டிவிடும். விடியற்காலை ஒன்றுதான் அவளுடையது.

சர்க்கரைக்காக நடக்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது, புலி வரும்வரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இதே சர்க்கரையில்தான் அவளுடைய அண்ணன் ஔதாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. எல்லாம் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண்ணில் தொடங்கியது. வலியே இல்லை, அதனால் அவர் கண்டுகொள்ளவும் இல்லை. அறுத்த பிறகு அவரைப் பார்க்கப் போனபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அன்றிலிருந்து சோசம்மா கண்ணை மூடினால் அந்தப் போர்வைதான்.

"தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. செருப்பு இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்துல பாருங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் கட்டளையை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மற்ற இரண்டையும் காதில் வாங்கியதோடு சரி.

புலி வந்த மூன்றாம் நாள் அவள் போய் நின்றது கோயில் மணியடிக்கும் கப்பியார் பைலியின் வீட்டு வாசலில்.

"பைலி, கல்லறைத் தோட்டத்துச் சாவி வேணும்."

"யாரு போயிட்டாங்க சேச்சி?"

"யாரும் போகலடா. நான் போகாம இருக்கத்தான் கேக்குறேன். சுத்தி ஏழடிச் சுவரு, இரும்பு கேட்டு. உள்ள பூட்டிக்கிட்டு நடந்துக்கறேன்."

பைலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏழடியெல்லாம் புலிக்கு நம்ம வாசப்படி மாதிரி சேச்சி. சரி, வச்சுக்க. ஆனா ஷூவைக் கேட்டுக்கு வெளியவே கழட்டிடணும். பூசை வைக்கிற அச்சன் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு. அதுவும் உன் கெட்டியவனே உள்ள படுத்திருக்காரு."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கோயில் படியில் செருப்பைக் கழற்றியே வளர்ந்த கால் அது. கணவர் வர்க்கி படுத்திருக்கும் மண்ணை ஷூவோடு மிதிக்க அவளுக்கே மனம் வராது.

அப்படித்தான் வெறுங்காலோடு நாற்பது சுற்று என்று கணக்கு ஏற்பட்டது. சுவரை ஒட்டிச் சிமெண்டுப் பாதை. கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும், புலி வந்தால் தட்டுவதற்கு. பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பலாமரம் சாய்ந்திருக்கும் மூலை வரும்போது கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். காபித் தோட்டம் அங்கே சுவரை உரசிக்கொண்டு நிற்கும். "வர்க்கிச்சா, பாத்துக்கோ," என்று முணுமுணுத்தபடி அந்த இடத்தில் மட்டும் ஓடுவாள். வீட்டில் இருந்துவிடலாமே என்று தோன்றும்போதெல்லாம் அண்ணனின் போர்வை நினைவுக்கு வரும். புலியை விடப் போர்வைக்கே அவள் அதிகம் பயந்தாள்.

பதினெட்டாம் நாள் காலை மூடுபனி வழக்கத்தை விட அதிகம். இருபது சுற்றுக்கும் மேல் முடிந்து, கொஞ்சம் வெளுக்கத் தொடங்கியபோதுதான் அதைப் பார்த்தாள். ஈரச் சிமெண்டில் சிவப்பாக ஒரு திட்டு. இரண்டடி தள்ளி இன்னொன்று. அப்புறம் பலாமரத்து மூலை வரைக்கும் வரிசையாக.

ரத்தம்.

எதையோ கவ்விக்கொண்டு உள்ளே குதித்திருக்கிறது. ஆடாக இருக்கும். திரும்பிக் கேட்டுக்கு ஓடலாம் என்று பார்த்தால் அந்தப் பக்கமும் திட்டுகள். முன்னாலும் ரத்தம், பின்னாலும் ரத்தம். அப்படியானால் அது சுவரோரமாகவே சுற்றியிருக்கிறது, அவள் பின்னாலேயே, இத்தனை நேரமும். எந்தக் கல்லறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பார்க்கிறதோ. கரண்டியால் தட்டை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

அரிவாளும் கையுமாகப் பைலி ஓடி வந்தான். "சேச்சி! எங்க அது?"

"உள்ளதான்டா! ரத்தமா கிடக்கு! எல்லாப் பக்கமும்!"

"சாவி உன்கிட்டதான். அசையாம நிக்காத, மெதுவா கேட்டுக்கு வா. நான் பார்த்துட்டே இருக்கேன்."

குறுக்காக, வெள்ளைச் சிமெண்டு பூசிய கல்லறைகளுக்கு நடுவே அவள் வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பைலி அவளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அரிவாள் பிடித்த கை தாழ்ந்தது.

"சேச்சி, நில்லு."

"வந்துடுச்சா?"

"புலி இல்ல சேச்சி. நீ மிதிக்கிற இடமெல்லாம் ரத்தம் ஒட்டுது. காலைத் தூக்கிப் பாரு."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தைத் திருப்பினாள். குதிகாலில் ஒரு கண்ணாடித் துண்டு, கட்டைவிரல் அகலம், பாதி உள்ளே இறங்கியிருந்தது. முந்தின நாள் யாருக்கோ நாற்பதாம் நாள் நினைவு ஜெபம். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்த கண்ணாடிச் சிம்னி உடைந்து பாதையில் சிதறியிருக்கிறது. எந்தச் சுற்றில் ஏறியதென்று அவளுக்குத் தெரியாது.

விரலை வைத்துக் கண்ணாடியை அழுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ரத்தம் விரலில் வழிந்தது. ஏதோ கட்டைக்குள் அழுத்துவது போலத்தான் இருந்தது. அது புலியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

கம்பிக்குள் கைவிட்டுப் பைலி, விம்மிக்கொண்டிருந்த அவள் தோளைப் பிடித்தான். "சாவியைக் கொடு, ஜீப் கூப்பிடுறேன். அழாத சேச்சி. ரொம்ப வலிக்குதா?"

"இல்லையேடா," என்று சோசம்மா வாய்விட்டுக் கதறினாள். "கொஞ்சங்கூட வலிக்கலையே."