நிறமாற்றம் இல்லை

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் சர்க்கரைக் கரைசல் சிவந்தது. சிவக்கக் கூடாது. பதினெட்டு வருடமாக உயிரியல் ஆசிரியை இந்தச் சோதனையைச் செய்து காட்டுகிறாள். ஒரு வருடமும் சிவந்ததில்லை.

பதினோராம் வகுப்பு பி பிரிவுக்குக் கார்போஹைட்ரேட் பாடம். கொஞ்சம் முன்புதான் விளக்கியிருந்தாள். குளுக்கோஸ் தனி ஆள், ஒரு கை சும்மா இருக்கும். பெனடிக்ட் கரைசல் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும், சூடுபடுத்தினால் நீலம் போய்ச் செங்கல் நிறம் வரும். நாம் டீயில் போடும் சர்க்கரை அப்படியில்லை, அது ஜோடி. இரண்டும் கை கோத்துக்கொண்டு நிற்பதால் பிடிக்கக் கை கிடைக்காது.

"இப்போ பாருங்க, மாறவே மாறாது" என்று குழாயைக் கொதிநீரில் இறக்கினாள். முதலில் பச்சை. பிறகு மஞ்சள். பிறகு அசல் செங்கல்.

"மிஸ், உங்களுக்குமா?" என்றான் கடைசி வரிசையில் ஒருவன். "ஏ பிரிவு செங்கல்லுக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சுடா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"குழாய் சரியாக் கழுவல" என்றாள். வேறொரு குழாயைத் தானே தேய்த்துக் கழுவி மறுபடி செய்தாள். மறுபடியும் சிவப்பு. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"நிறமாற்றம் இல்லைன்னு எழுதிக்கோங்க. அதான் சரியான விடை."

முப்பது தலைகள் குனிந்தன. சிவந்த குழாய் எல்லார் கண் முன்னாலும்தான் இருந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வகுப்பு போனதும் ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தச் சர்க்கரையை எப்போ கலக்கினீங்க?"

"போன வெள்ளிக்கிழமை, டீச்சர். திங்கக்கிழமை ஏ பிரிவுக்குக் கொடுத்ததும் இதே பாட்டில்தான்."

"பாட்டில் ஏது?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஆசிட் பாட்டில்தான் காலியா இருந்துச்சு. கழுவிட்டுத்தான் ஊத்தினேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. அடியில ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இருந்திருக்கும். ஆசிட்னா சுத்தம்தானே டீச்சர், எறும்பு கிட்டயே வராது."

திட்ட வாயெடுத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பாட்டில் ஒரு வாரமாக ஜன்னலோரம் வெயிலில் இருக்கிறது. அமிலமும் சூடும் போதும், ஜோடி பிரிந்துவிடும். பாடத்தில் இருப்பதுதான். அவளே நடத்துவதுதான்.

திங்கட்கிழமை ஏ பிரிவில் முப்பத்திரண்டு பேர் இதே கரைசலில் சோதனை செய்தார்கள். ஒரே ஒரு பெண்தான் குழாயைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். "மிஸ், செவப்பாயிடுச்சு."

"வீட்ல பாத்திரம் கழுவிப் பழக்கமே இல்லையா? குழாய்ல போன வாரத்துக் குளுக்கோஸ் ஒட்டியிருக்கு."

"ரெண்டு தடவை கழுவினேன் மிஸ்."

"அப்போ புத்தகம் தப்பு, நீ சரி. அப்படித்தானே? எல்லாரும் எழுந்து நில்லுங்க, விஞ்ஞானி வந்திருக்காங்க."

எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்குச் செங்கல் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆசிரியை அதைக் காதில் வாங்கினாள். சிரித்தாள்கூட.

இப்போது பீரோவைத் திறந்து ஏ பிரிவின் செய்முறை நோட்டுகளை எடுத்துப் புரட்டினாள். நிறமாற்றம் இல்லை, நிறமாற்றம் இல்லை. முப்பத்தொரு நோட்டிலும் அவளுடைய டிக். கடைசியாகச் செங்கல்லின் நோட்டு. திங்கட்கிழமைப் பக்கத்தில் 'செங்கல் சிவப்பு' என்று இருந்ததை ஆசிரியையே சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தாள். அடுத்த பக்கத்தில் செவ்வாய்க்கிழமை திரும்பச் செய்த சோதனை. நிறமாற்றம் இல்லை. டிக். மிக நன்று.

செவ்வாய்க்கிழமையும் இதே பாட்டில்தான்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் காலையில் நீட்டிய தாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உயிரியலை விட்டு வணிகவியலுக்கு மாறும் விண்ணப்பம். அவளுடைய அப்பா வணிகவியல்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து உயிரியலுக்கு வந்தவள் அவள். ஆசிரியை தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை. கையெழுத்து போட்டு நீட்டிவிட்டாள்.

அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் கோப்பிலிருந்து தாளை உருவிக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் உருண்டையான எழுத்து: எனக்குச் செய்முறை வராது.

"இதை நான் திரும்ப வாங்கிக்கலாமா சார்?"

"நீங்க வாங்க முடியாது டீச்சர். அந்தப் பொண்ணு நாலு மணிக்குள்ள வந்து வேணாம்னு எழுதிக் கொடுக்கணும். அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் அடுத்த வருஷம்தான்."

சாப்பாட்டு இடைவேளை. வணிகவியல் வகுப்பில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். யாருடையதோ நோட்டைப் பார்த்து, விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியையைக் கண்டதும் எழுந்தாள்.

"உக்காரும்மா. உன் குழாய்ல ஒண்ணும் இல்ல. சர்க்கரைதான் கெட்டுப்போயிருந்துச்சு. தப்பு என்னோடது."

"தெரியும் மிஸ்."

"எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் செவப்புதான் மிஸ் வந்துச்சு. பக்கத்து மேசையில சத்தம் போடாம தொட்டியில கொட்டிட்டாங்க."

"நீ அதை ஏன் சொல்லல?"

"எனக்கு வந்ததைச் சொன்னேனே மிஸ்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆசிரியைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும். நீ திரும்ப வந்துடு. அப்பா ஏதாவது சொன்னா நான் பேசறேன், இன்னைக்கே ஃபோன் பண்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

அந்தப் பெண் பேனாவை மூடி நோட்டின் நடுவில் வைத்தாள். வெளியே வராந்தாவில் யாரோ "செங்கல்!" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியைதான் பார்த்தாள்.

"அப்பாகிட்ட வேணாம் மிஸ். அடுத்த பீரியட் ஏ பிரிவுக்கு லேப்தானே, எல்லாரும் இருப்பாங்க. அங்க சொல்றீங்களா?"