லீஸில் பெயரில்லாதவர்கள்

1995ஆம் ஆண்டு தை மாதம், வெக்ஸ்போர்டில் வாடகை வீடுகள் கொண்ட ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் தொடர்ந்து ஒன்பது நாள் ஹீற்றர் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் ஜக்கெற்றோடு படுத்தார்கள். சில வீடுகளில் சூட்டுக்காகச் சமையல் அவணின் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துக்குப் பத்து வருடமாகத் தலைவராக இருந்த எட்வேட், கட்டட நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. மனேஜர் அவருக்கு நெருங்கிய சிநேகிதன்.

மாசியில் சங்கத் தேர்தல் வந்தது. எட்டாம் மாடி ஜெயரட்ணம் எதிர்த்து நின்றார். மண்டபத்தில் மூன்றில் இரண்டு பங்கு கைகள் அவருக்காக உயர்ந்தன. எட்வேட் பதறவில்லை. பையைத் திறந்து ஒரு கட்டுக் கடதாசி எடுத்தார். கூட்டத்துக்கு வரமுடியாதவர்கள் தங்கள் வாக்கைத் தன்னிடம் எழுதித் தந்திருப்பதாகச் சொல்லி, தானே வென்றதாக அறிவித்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். மேலே கிடந்த கையெழுத்து, போன வருடமே விட்பி என்ற வேறு ஊரில் வீடு வாங்கிப் போய்விட்டவருடையது.

பின்வரிசையில் இருந்த மங்கையற்கரசிக்கு, பாடப் புத்தகத்தில் வாசித்ததே கண்முன்னால் நடப்பதுபோல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் சரித்திரம் படிப்பித்தவள் அவள். இங்கே கேக் பக்ரறியில் பெட்டி அடுக்கிக்கொண்டு, திரும்பவும் ரீச்சராக வேண்டும் என்று சனிக்கிழமைகளில் வயதுவந்தோர் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவளுடைய வேலை நேரத்துக்குப் பொருந்திய ஒரே பாடம் அமெரிக்க வரலாறு. அந்தக் கிழமைதான் 1912ஆம் ஆண்டுத் தேர்தலைப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவள் எழும்பினாள். "ஜெயரட்ணம் அண்ணை, இதில இருந்து கத்திப் பிரயோசனமில்லை. வாங்கோ, வெளியில போவம்."

அறுபது பேர் அவளுக்குப் பின்னால் போய் லோண்டறி அறையில் நின்றார்கள். உடுப்புக் காயவைக்கும் மெஷின்களின் சூடு எல்லோருக்கும் இதமாக இருந்தது. அங்கே வைத்து அவள் கதையைச் சொன்னாள். முன்பு ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட், தன் கட்சியின் வேட்பாளராகத் திரும்பவும் போட்டியிட வந்தார். சனம் நேரடியாக வாக்குப் போட்ட மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் வென்றார். ஆனால் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் சிக்காகோ மாநாட்டில், பதவியில் இருந்த ராஃப்டின் ஆட்கள் பிரச்சினைக்குரிய பிரதிநிதி இடங்களில் அநேகமானவற்றைத் தங்கள் பக்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் பிரிந்துபோய் ஒரு புதுக் கட்சி தொடங்கினார்கள். பெண்களுக்கு வாக்கு, வேலை நேரத்துக்கு ஒரு எல்லை என்றெல்லாம் எழுதிவைத்தார்கள்.

"அப்ப நாங்களும் தொடங்குவம்," என்றார் ஜெயரட்ணம். "ரீச்சர், நீங்கள்தான் செயலாளர். கொள்கையையும் நீங்கள்தான் எழுதவேணும்."

அன்றைக்கு அவள் படியேறிப் போனபோது கால் வலி தெரியவில்லை. நாட்டைவிட்டு வந்தபிறகு ஒருவரும் அவளை ஒரு விஷயம் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை.

பத்து நாளில் ஆறு கொள்கைகளை எழுதி முடித்தாள். வாசித்துப் பார்க்க வந்த ஜெயரட்ணம் தேநீரைக் குடித்துவிட்டு, "ஏழாவதா ஒண்டு சேருங்கோ. லீஸில, வாடகை ஒப்பந்தத்தில பேர் இருக்கிற ஆக்கள் மட்டும்தான் மெம்பர்," என்றார்.

"ஏன் அண்ணை?"

"பதினொராம் மாடியில ஒரு வீட்டுக்குள்ள எட்டுப் பேர், ஒன்பது பேர். பாதிப் பேருக்கு அகதி வழக்கு முடியேல்லை. எட்வேட் இதைத்தான் பிடிச்சுக்கொண்டு தொங்குவான். மற்றச் சனமும் எங்களோட வரவேணுமெண்டால் நாங்கள் ஒழுங்கான ஆக்களாத் தெரியவேணும்."

"அவையும் அந்தக் குளிருக்குள்ளதானே கிடந்தவை?"

"முதல் வெல்லுவம் ரீச்சர். பிறகு அவையைப் பாப்பம்."

அவள் பேனையை எடுத்து ஏழாவதையும் எழுதினாள்.

சனிக்கிழமை வகுப்பில், பாடத்தின் மிச்சப் பக்கங்களைத் திறந்தார்கள். புதுக் கட்சியின் முதல் மாநாட்டுக்குத் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினப் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. தெற்கத்தைய வெள்ளையரின் வாக்குக் கிடைக்கவேண்டும் என்பது ரூஸ்வெல்ட்டின் கணக்கு. மங்கையற்கரசி அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தாள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை செலீனிடம் போய், "இதை ஏன் முதலிலேயே நீங்கள் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

செலீன் சற்று யோசித்தார். "பிரசாரத்தில் ஒருவன் சுட்டபிறகும், நெஞ்சில் துப்பாக்கிக் குண்டோடு நின்று அவர் பேசியதுதான் எல்லோருக்கும் ஞாபகம். நானும் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்."

"தெற்கின் வாக்குகள் அவருக்குக் கிடைத்தனவா?"

"தெற்கில் ஒரு மாநிலம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை."

பஸ்ஸில் வரும்போது முகம் கொதித்தது. அறுபது பேருக்கு முன்னால் அரைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அதைவிட, அந்த ஏழாவதைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பதினொராம் மாடிக்குப் போனாள். இராசமணி கதவைத் திறந்தாள். மட்டக்களப்பிலிருந்து வந்து, தம்பி வீரக்குட்டியின் வீட்டில் புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும் இருப்பவள்.

"புதுச் சங்கத்தில எங்களுக்கு இடமில்லையாம். உண்மையா ரீச்சர்?" என்று அவளே கேட்டாள்.

"அப்பிடித்தான் எழுதியிருக்கு. எழுதினது நான்தான்."

இராசமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு மீற்றிங்குக்கு வாங்கோ."

"வந்து? கதவடியில நிக்கிறதா?"

"என்ர பக்கத்தில இருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் கூட்டம் நடந்தது. இராசமணி புருஷனோடு வந்திருந்தாள். அவளோடு அந்த மாடியிலிருந்து இன்னும் பதின்மூன்று பேர். மங்கையற்கரசி கொள்கையை வாசித்தாள். ஆறுக்கும் கைதட்டல் கிடைத்தது.

"ஏழாவது," என்றாள். "இந்தக் கட்டடத்தில் நித்திரை கொள்ளும் வயதுவந்த ஒவ்வொருவரும் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்."

ஜெயரட்ணம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "நாங்கள் கதைச்சது அதில்லை ரீச்சர்."

"இல்லைத்தான். அண்டைக்கு லோண்டறியில நான் பாதிக் கதைதான் சொன்னனான். மிச்சத்தையும் கேளுங்கோ." அவள் தெற்கிலிருந்து வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். "ரூஸ்வெல்ட் ஆருடைய வாக்குக்காகக் கதவைப் பூட்டினாரோ, அந்த வாக்கும் வரேல்லை. வெளியில விட்ட ஆக்கள் விட்டபடிதான்."

"இது அமெரிக்கா இல்லை, வெக்ஸ்போர்ட்," என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள்.

"ஓம், வெக்ஸ்போர்ட்தான். லீஸில பேரில்லாத பிள்ளைக்கும் அதே குளிர்தான் அடிச்சது."

ஜெயரட்ணம் குரலைத் தணித்தார். "உங்களுக்குப் பிடிக்காட்டில் எழும்பிப் போங்கோ. எழும்பிப் போறதை நீங்கள்தானே எங்களுக்குக் காட்டினனீங்கள்."

மங்கையற்கரசி கடதாசியை மேசையில் வைத்தாள்.

"போகமாட்டன் அண்ணை. இதைத் தொடங்கினதில நானும் ஒருத்தி. நான் போனால் உங்களுக்குச் சுகம். தோத்தால் அடுத்த மீற்றிங்கிலயும் இதையே கேப்பன். அதிலயும் தோத்தால் அதுக்கடுத்ததில கேப்பன். என்னை நிப்பாட்டவேணுமெண்டால் நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேணும்."

லீஸில் பெயர் உள்ளவர்களை மட்டும் கை உயர்த்தச் சொன்னார் ஜெயரட்ணம். அவளுடைய பக்கம் பத்தொன்பது. எதிராக முப்பத்தெட்டு.

வீரக்குட்டி எழும்பினான். "என்ட பேர் லீஸில இரிக்கு. ஆனா அக்காவுக்கு இல்லாத இடம் எனக்கும் வேணாம். வா அக்கா, போவம்."

இராசமணி அசையவில்லை. "இரிடா," என்றாள். "ரீச்சர் போகல்லதானே. நானும் போகல்ல."

அன்று கூட்டம் முடியும்வரை அந்தப் பதினைந்து பேரும் இருந்தார்கள். மங்கையற்கரசியின் செயலாளர் பதவி வேறொருவருக்குப் போனது. லிஃப்டில் சிலர் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். அவள் பங்குனிக் கூட்டத்தில் கேட்டாள், தோற்றாள். சித்திரையில் கேட்டாள், ஆறு வாக்கால் தோற்றாள். அதற்கிடையில் ஹீற்றரைப் பற்றி நகரசபைக்குக் கொடுக்கும் மனுவுக்காக, மெம்பரில்லாத பதினொராம் மாடிச் சனம் வீடு வீடாகப் போய் மற்ற எல்லா மாடிகளையும்விடக் கூடக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது. வைகாசியில் அவளுடைய ஏழாவது கொள்கை இரண்டு வாக்கால் நிறைவேறியது. ஜெயரட்ணம் கடைசிவரை கை உயர்த்தவில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்தபின் கதிரைகளை அடுக்க வந்தார். இருவரும் பேசாமல் அடுக்கினார்கள்.

மனு நகரசபைக்குப் போனபின், புரட்டாதியில் மனேஜர் பேச்சுக்கு அழைத்தபோது, புதுச் சங்கம் மூன்று பேரை அனுப்பியது: ஜெயரட்ணம், மங்கையற்கரசி, இராசமணி. மனேஜர் பைலைப் புரட்டினார். இராசமணியைப் பார்த்து, எந்த வீடு உன் பெயரில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மங்கையற்கரசி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். இராசமணி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்டுமில்லெண்டு சொல்லுங்க," என்றாள், கண்ணை மனேஜரிடமிருந்து எடுக்காமல். "நான் பதினொராம் மாடி. ஹீற்றரைப் பத்திக் கதைக்க வந்திரிக்கன்."