விற்ற பில்

எட்டு மெஷின் போட்டு ஆஸ்பத்திரிச் சீருடை தைத்துக் கொடுத்துவந்தாள் டெய்லரக்கா. துணிக்கடைக்காரர் ரொக்கம் கேட்பார். பெரிய ஆஸ்பத்திரியோ தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் தரும். இடையில் தையல்காரிகளுக்குச் சம்பளம் கொடுப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அதனால்தான் ஆஸ்பத்திரி பில்களை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விற்றாள். நூறுக்கு எண்பது உடனே கைக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரி பணம் கட்டியதும் கமிஷன் போக மிச்சம் வரும். இனிமேல் கம்பெனியின் கணக்கில்தான் பணம் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் போயிற்று.

முதல் பில்லுக்குக் கெடு வந்த அன்று, ஆஸ்பத்திரிக் கணக்கர் பழைய பழக்கத்தில் முழுத்தொகையையும் அவள் கணக்கிலேயே போட்டுவிட்டார். மெஷின் கடனில் நின்றுபோன தவணைகளுக்கென்று வங்கி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மறுநாளே கம்பெனியிலிருந்து ஃபோன்: ஏழு நாளில் பணம் வர வேண்டும்.

கணக்கரிடம் ஓடினாள். கடிதம் அவர் மேஜைத் தட்டில் பிரிக்காமலே கிடந்தது.

"யார் கணக்குல போட்டா என்னம்மா? உங்க பணம்தானே?"

"என் பணம் இல்லைங்க. அதைத்தான் வித்துட்டேனே."

சொன்னபோது அவளுக்கே அது கிறுக்குப் பேச்சாகக் கேட்டது.

வங்கியில், கம்ப்யூட்டர் எடுத்த பணத்தைத் திருப்ப முடியாது என்றார்கள். கம்பெனி அதிகாரி ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பி, பணம் வேறு கணக்குக்குப் போனால் அவளே கட்ட வேண்டும் என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்தைப் பொறுமையாகக் காட்டினாள். குற்றம் செய்தவர் ஒருவருமில்லை. தண்டனை மட்டும் அவளுக்கு.

துணி வெட்டும் கொழுந்தன் அன்று சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தான். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம் அண்ணி."

"படிச்சேன். நான் படிச்சதுக்காகப் பாங்க்ல எடுக்காம விட்டாங்களா?"

ஐந்தாம் நாள் கணக்கரின் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். தவறு எங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். அவர் சாப்பிடப் போய்த் திரும்பினார், அவள் அசையவில்லை. கல்லில் நார் உரித்த மாதிரி, மூன்று மணிக்குமேல் இரண்டு வரி வந்தது.

அதைப் பார்த்துக் கம்பெனி கொஞ்சம் இறங்கியது: அடுத்த நான்கு பில்லுக்கு எண்பது கிடையாது, ஐம்பதுதான், மீதி பழைய பாக்கிக்கு.

பட்டறைக்கு வந்து, இந்த மாதம் பாதிச் சம்பளம்தான் என்றாள். மூத்த தையல்காரி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "எங்க சம்பளத்தையும் எங்கயாவது விக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.