ராட்டினக் குதிரையின் உள்பக்கம்

எந்த மரத்தையும் பிறந்த மேனிக்குக் கொண்டுவரும் வல்லமை இந்தப் பூமியில் ஒருவனுக்குத்தான் உண்டு. அந்த ஒருவன், தேய்ப்பு மெஷினைத் தோளில் தொங்கவிட்டபடி அக்காவின் ஷெட்டுக்குள் வந்து நின்றான். பாலிஷ் பட்டறை வைத்திருப்பவன். சாப்பாட்டு மேஜைகள் அவனைக் கண்டால் நடுங்கும்.

ஷெட் முழுக்க, பிரித்துப்போட்ட பழைய குடை ராட்டினம். மரக்குதிரைகளை ஸ்பாஞ்சு மெத்தைமேல் உள்பக்கம் தெரியப் படுக்கவைத்திருந்தார்கள். அவற்றைப் பழைய கோலத்துக்கு மீட்கும் வேலை அக்காவுடையது. ஒரு குதிரையருகே சப்பணமிட்டு, நகமளவு கத்தியால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, குதிரைக்குப் பேன் பார்க்கிறியா? மெஷின ஓட விடு, மத்தியானத்துக்குள்ள மொத்த லாயமும் பளபளன்னு ஆயிடும்."

"வாய மூடிக்கிட்டு தூசி தட்டு. மெஷின்ல கை வெச்சே, தொலைஞ்சே."

அவள் டீ குடிக்கப் போனாள். தம்பி ஒரு குதிரையைச் சுற்றி வந்தான். ரோஜாவும் மணியும் கண்ணாடிக் கல்லும் வெளிப்பக்கத்துக்குத்தான். நடுத்தூணைப் பார்க்கும் உள்பக்கம் மொழுக்கென்று கிடந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்? பிடரியில் மட்டும் ஒரு புடைப்பு. பெயிண்ட் கொப்புளம் என்று தீர்ப்பளித்து மெஷினை வைத்தான்.

சிவப்பு கரைந்தது. பச்சை, நீலம், வெள்ளை என வளையத்துக்குள் வளையமாக விரிந்தது. யார் யாரோ பூசிவிட்டுப்போன காலமெல்லாம் உள்ளங்கையளவு இடத்தில். நடுவே மங்கிய தங்கம். தங்கத்தில் வரிவரியாக இறகு.

மெஷின் நின்றது.

பிடரி மயிரின் மடிப்புக்குள் யாரோ ஒருவன் ஒரு குருவியைச் செதுக்கி வைத்திருந்தான். வால் இருந்த இடத்தில் இப்போது வழவழப்பான மரம். தலை இன்னும் பெயிண்டுக்குள்.

அக்கா திரும்பி வந்தாள். தம்பி தோளைக் குறுக்கிக்கொண்டான். அவள் திட்டவில்லை, டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

"வெளிய நிக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாதேக்கா. யாருக்குச் செஞ்சான்?"

"மேல உக்கார்ற குழந்தைக்குடா. பயந்துபோய் பிடரியக் கட்டிப்பிடிச்சா, நேரா கண்ணுல படும்."

தம்பி அந்த வழவழப்பான இடத்தை விரலால் தடவினான்.

"வால் போச்சுக்கா."

"போச்சு."

"வேற செஞ்சு ஒட்டிரலாமா?"

"ஒட்டலாம். அது அவன் செஞ்ச வாலா இருக்காது." அவள் குனிந்தாள். "தலையாவது முழுசா இருக்கான்னு பார்க்கணும்."

அவன் பிளக்கைப் பிடுங்கினான். அக்காவின் கருவிப் பெட்டியில் துழாவி, இருப்பதிலேயே சின்னக் கத்தியை எடுத்தான். சப்பணமிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் சிவப்புச் செதிலைக் கிளப்பினான்.